ரியானின் நம்பர்

அன்று காலை மரியகொரெட்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகன் ரியானின் நம்பரில் ரிங் போயிற்று.

அவன் ஏறிய விமானம் காணாமல் போய் ஒன்றரை வருஷம். பகாவ் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து தினமும் அவனுக்குப் போன் போடுவாள். தொடர்பு இல்லை என்று ஒரு பெண்குரல் மலாயில் சொல்லும். ப்ரீபெய்ட் நம்பர் செத்துவிடக் கூடாதே என்று மாதாமாதம் பகாவ் கடையில் டாப்-அப்பும் போட்டுவந்தாள். சர்க்கரை முற்றி ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து அந்த வேலையை மகள் பெவர்லியிடம் விட்டிருந்தாள்.

இன்று ரிங் போயிற்று. யாரும் எடுக்கவில்லை. அதனால் என்ன, போயிற்றே.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சுகுமாறனுக்குச் சொன்னாள். இவன் மந்தின் ஊரில் வீட்டுக்குள் உட்கார்ந்தபடி அந்த விமானத்தைப் பற்றி வாரம் ஒரு வீடியோ போடும் மகானுபாவன். ஒரு வாரம் விமானம் தீவில் இறங்கியிருக்கும், மறுவாரம் பாலைவனத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். மரியகொரெட்டி ஒன்றைக்கூட விட்டதில்லை. எந்த வீடியோவிலும் ரியான் சாகவில்லையே.

மத்தியானத்துக்குள் வீடியோ வந்துவிட்டது, நம்பரோடு. வேலைவெட்டி இல்லாதவர்களுக்கா பஞ்சம்? ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். மூச்சுச் சத்தம் கேட்டதாக ஒருவன் எழுதினான். அலைச்சத்தம் என்றாள் இன்னொருத்தி. மரியகொரெட்டிக்கோ எப்போது போட்டாலும் பிஸி. உட்காருவாள், எழுந்திருப்பாள், வாசலுக்குப் போய், எண்ணெய்க்காக நட்ட செம்பனை மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். அடுப்பில் சோறு தீய்ந்தது.

சாயங்காலம் பெவர்லி வேலை முடிந்து வந்தாள். வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"மா, ஒன்னு சொல்றேன், ஏசாத. டாப்-அப் போட்டுட்டேன் போட்டுட்டேன்னு சொன்னதெல்லாம் பொய். போட்டு என்னா ஆவப்போவுதுன்னு விட்டுட்டேன். அந்த நம்பர் எப்பவோ செத்துப்போச்சு. இப்ப வேற யாருக்காச்சும் குடுத்திருப்பாங்க லா."

மரியகொரெட்டி கையை ஓங்கினாள். ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது. மகளைப் பாராமல் மறுபடியும் போன் போட்டாள்.

இந்தத் தடவை எடுத்தார்கள்.

"ரியானு, அம்மா பேசறேன்யா."

எதிர்ப்பக்கமிருந்து தட்டுத்தடுமாறிய மலாயில், அத்தையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, ஓர் ஆண்குரல் வந்தது.

"நான் ரியான் இல்லை, மக்சிக். நேபாளத்துக்காரன். கோலா பிலா பக்கம் செம்பனைக் குலை வெட்டுகிறேன். நேற்று சாயங்காலம்தான் இந்த சிம் வாங்கினேன். காலையிலிருந்து யார் யாரோ கூப்பிட்டு, எந்தத் தீவில் இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஊரிலிருந்து என் அம்மா கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. இதைத் தூக்கிப் போடப்போகிறேன்."

மரியகொரெட்டிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. எங்கோ ஒருத்தி தன்னைப் போலவே போனும் கையுமாகத் தவிக்கிறாள் என்பதுதான் மனசில் நின்றது.

"போட்டுவிடு, மகனே" என்று அவளும் மலாயில் சொன்னாள். "அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நான் கூப்பிடுகிறேன். எடுக்காதே. என் பிள்ளையின் நம்பரில் ரிங் போவதைக் கேட்டால் போதும்."

அவன் சரி என்றான்.

முதலில் பிஸி. அப்புறமும் பிஸி. பிறகு ரிங் போயிற்று. பெவர்லி பக்கத்தில் வந்து உட்கார, தாய் போனை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தாள். முகம் தெரியாத அந்தப் பிள்ளை சொன்ன சொல் தவறவில்லை. ரிங் தானாக ஓயும்வரை அவன் எடுக்கவே இல்லை.