எலினாட்டியின் காலுக்குக் கையெழுத்து

அன்று முற்பகல் மருத்துவமனைச் சமையல் கொட்டகையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். வாசலுக்கு நேராக, அடுப்பை ஒட்டி, செக்கானியம்மா. அவளுக்கு இடப்பக்கம், கவிழ்த்த வாளியின்மேல் மலேசி, மடியில் உரிக்காத நிலக்கடலை. சுவரோரம் பாயில், சுற்றுத்துணியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தூங்குவதுபோல எனெலெசி. வடிகால் திட்டில் நான், முழங்கால்மேல் எழுதும் அட்டையோடு. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. என் மனைவி எலினாட்டியின் அண்ணன் பிலியாட்டி எந்த விவகாரத்திலும் முதலில் கேட்பது இதைத்தான்: யார் யார் இருந்தீர்கள், எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?

பிலியாட்டி ஏரிக்கரையில் மீன் வாங்கி விற்கிறவர். எங்கள் பக்கம் பெண் கடைசிவரை தாய்வீட்டைச் சேர்ந்தவள். கட்டிக்கொண்டவன்தான் அவள் ஊருக்கு வந்து, அவள் நிலத்தில் வீடு கட்டி இருப்பான். பெரிய காரியம் எதுவானாலும் அண்ணன் சொல்தான் சொல். எலினாட்டிக்குச் சர்க்கரை நோயால் வலது காலில் வந்த புண் கணுக்காலைத் தாண்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை அறுவை செய்கிறவர் வருகிறார், அதையும் விட்டால் முழங்காலும் போகும், பிறகு ஆளே போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தலைமைத் தாதி ஒரு தாளை நீட்டி, “புருஷன்தானே? போடுங்க” என்றாள். மருத்துவமனைக்கு நான் போதும். எலினாட்டியின் வீட்டாருக்கு நான் போதாது. நான் கையெழுத்துப் போட்டு, எலினாட்டி அறுவை மேசையிலேயே கண்ணை மூடிவிட்டால், “எங்க பொண்ண வெட்டச் சொல்ல நீ யாரு?” என்று கூட்டம் கூட்டிக் கேட்பார்கள். அதன்பின் அந்த ஊரில் எனக்கு வீடு கிடையாது. பிள்ளைகளும் அவர்களோடுதான்.

அதனால் கடிதம். மீன் லாரி சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு வெயில் தாழ ஏரிக்குத் திரும்பும். அதில் கொடுத்துவிட வேண்டும். எழுதவேண்டியது ஒரே விஷயம். வெட்டுவதற்கு வாருங்கள் என்பதா, வீட்டுக்கு அழைத்துப்போக வாருங்கள் என்பதா? வெட்டுவதற்கென்றால், தங்கிப் பார்த்துக்கொள்ளச் சித்திமார் இருவரையும் மாவு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வருவார். வீட்டுக்கென்றால் மெத்தை போட்ட வண்டி பிடித்து வருவார். எலினாட்டிக்கு எது வேண்டும் என்று தெரிந்தால் எழுதிவிடலாம். எனக்கு அதுதான் தெரியவில்லை.

தெரியாததற்கு இங்குள்ள ஏற்பாடும் காரணம். நோயாளிக்குச் சமைப்பது, துவைப்பது, துடைத்துவிடுவது எல்லாம் கூட வந்த ஆள்தான். ஆனால் பெண்கள் வார்டில் ஆண் தங்கக்கூடாது. பார்வை நேரத்து மணி அடித்தால் போகலாம், அடுத்த மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். எலினாட்டிக்கு அம்மா இல்லை. தங்கை பிரசவித்துக் கிடக்கிறாள். செக்கானியம்மாவின் கணவரோ ஆண்கள் வார்டில் இடுப்பு உடைந்து படுத்திருக்கும் பெரிய உடம்புக்காரர்; அவரைப் புரட்ட அவளால் ஆகாது. எனவே மாற்றிக்கொண்டோம். அவள் புருஷனை நான் புரட்டிக் குளிப்பாட்டுகிறேன். என் மனைவியை அவள் பார்த்துக்கொள்கிறாள். அவருக்கு எந்தப் பக்கம் படுத்தால் இருமல் வரும் என்று எனக்குத் தெரியும். எலினாட்டி நேற்று சாப்பிட்டாளா என்பதை நான் செக்கானியம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

பள்ளியில் கற்றுக்கொடுத்த வரிசைப்படி இடம் எழுதினேன், தேதி எழுதினேன், “அன்புள்ள மைத்துனருக்கு” என்று எழுதினேன். அடுத்த வரி, “நாங்கள் இங்கு நலம், தாங்களும் நலமென நம்புகிறேன்.” அதிலேயே பேனா நின்றுவிட்டது.

“என்னண்ணே, இன்னும் முதல் பக்கம்தானா?” என்றாள் மலேசி. “நாங்க களி கிண்டி, தின்னு, சட்டியும் கழுவிருவோம் போல.”

“நலம்னு எப்படி எழுதுறது?”

“ஏன், நீங்க நலந்தானே? நேத்து என் பீன்ஸ்ல பாதிய நீங்கதானே காலி பண்ணீங்க.”

செக்கானியம்மா துடுப்பைச் சட்டி விளிம்பில் தட்டினாள். “அண்ணன் பசியில தின்னாரு, போவட்டும். என் நாத்தனார் வந்தாளே ஞாயித்துக்கிழமை. ரெண்டு வாழைப்பழம் கொண்டாந்தா. ஒரு மணி நேரம் ஜெபம் பண்ணா. ஆமென் சொல்லிட்டு அந்த ரெண்டையும் அவளே உரிச்சுத் தின்னுட்டுப் போனா.”

“உனக்கு நாத்தனார். எனக்கு?” மலேசி ஒரு கடலையை ஓங்கி உடைத்தாள். அவள் பார்த்துக்கொள்வது தன் கணவனின் இளைய மனைவியை. “ஊர்ல இருந்தா என் கோழிமேல கல்லெறிவா. இங்க அதே கோழிய அடிச்சு நான் சூப்பு வச்சு ஊட்டணும். ஊட்டினா, உப்புக் கம்மிங்கிறா. அந்த மனுஷன் வந்தா நேரா அவ கட்டிலுக்குப் போறாரு, அப்புறம் எங்கிட்ட வந்து ரெண்டு பேர் சாப்பாட்டையும் தின்னுட்டு, ‘ரெண்டு பேரும் ஒத்துமையா இருங்க’ன்னு சொல்லிட்டுப் பஸ் ஏறுறாரு.”

பாயிலிருந்து துணிக்குள்ளே சிரிப்புக் கேட்டது. எனெலெசி தூங்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் நான் கேட்டேன். “உண்மையச் சொல்லுங்க. எலினாட்டி என்ன சொல்றா? எங்கிட்ட, ‘வெட்டட்டும், கையெழுத்தப் போடுங்க’ன்னு நேத்து சாயங்காலம் சொன்னா.”

செக்கானியம்மா துடுப்பை நிறுத்தினாள். “வெட்டட்டும்னா? எங்கிட்ட, ‘அண்ணன் வராம யாரையும் தொட விடாதே’ன்னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. இன்னைக்கு விடியக்காலைல.”

“ரெண்டும் இல்ல,” என்றாள் மலேசி. “எங்கிட்ட, ‘வீட்டுக்குப் போயிடலாம், எங்க மாமரத்தடியில கெடந்தாப் போதும்’னா. பக்கத்துக் கட்டில்தானே, தெளிவாக் கேட்டேன்.”

“உங்கிட்ட எதுக்கு அதச் சொல்றா?”

“ஏன், எங்கிட்டச் சொல்லக்கூடாதா? உன் பேச்சத்தான் கேக்கணும்னு எழுதியா வச்சிருக்கு?”

“தினம் துடைச்சு விடுறது நான்.”

“நீ துடைச்சா மனசும் தெரிஞ்சிருமா?”

நான் மூன்றையும் வேறொரு தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாகக் குறித்தேன். குறித்தபின் இன்னும் குழப்பமாகத் தெரிந்தது. செக்கானியம்மா எதையும் கூட்டிச் சொல்கிறவள் அல்ல. மலேசி கூட்டிச் சொல்வாள், ஆனால் மாமரத்தை அவள் எங்கிருந்து பிடித்திருப்பாள்? எங்கள் முற்றத்தில் மாமரம் இருப்பது அவளுக்குத் தெரியாது.

எனெலெசி முகத்திலிருந்து துணியை விலக்கினாள். அவளுடைய அத்தைக்கு எதிர்வரிசைக் கட்டில். எப்போதாவதுதான் பேசுவாள்.

“எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டாங்க,” என்றாள். “‘வெட்டின கால எங்க கொண்டு போவாங்க?’ன்னு. எனக்குத் தெரியலக்கான்னேன். கூட்டுற அம்மாவக் கேட்டுச் சொல்லுன்னாங்க. கேட்டேன். பின்னாடி குப்பை எரிக்கிற குழியிலேன்னு அந்தம்மா சொல்லிச்சு. நான் போய்ச் சொல்லல.”

அந்தக் கேள்வியையும் நான்காவதாகக் குறித்தேன். களி அடிப்பிடிக்கும் வாசனை வந்தபிறகே செக்கானியம்மா சட்டியை இறக்கினாள்.

“அப்ப வெட்டிக்கத் தயார்தான்,” என்றேன்.

“பயத்துல கேட்டிருப்பா,” என்றாள் மலேசி. “பயந்தவ வீட்டுக்குத்தான் போகணும்பா.”

பார்வை நேரத்து மணி அடித்தது. மூவரும் தத்தம் பாத்திரங்களை எடுத்துக்கொண்டார்கள். எழுதும் அட்டையோடு நானும் அவர்களோடு உள்ளே போனேன்.

எலினாட்டி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலின்மேல் வலைபோட்ட சட்டம் கவிழ்த்திருந்தது. செக்கானியம்மா களியையும் உசிபா என்னும் ஏரிப் பொடிமீனையும் வைத்தாள். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கள் நால்வரிடமும் அவள் சொன்னவற்றைத் தாளைப் பார்த்து வரிசையாகப் படித்தேன்.

அவள் ஒரு விள்ளல் களியை உருட்டிக்கொண்டே கேட்டாள். “யாரு சொன்னா பள்ளிக்கூடம் மாதிரி எழுதி வைக்கச் சொல்லி?”

“இதுல எது நிஜம்?”

“எல்லாந்தான்.”

“எல்லாம் எப்படி நிஜமாகும்? அண்ணனுக்கு எழுதணுமில்ல?”

“நீங்க வர்றப்பவே மூஞ்சி ஒரு முழம் தொங்குது. போடுங்கன்னு சொன்னா கொஞ்சம் நிமிரும்னு சொன்னேன். செக்கானியம்மா என்னத் தொடவே பயப்படுறா, தான் ஏதோ தப்புப் பண்ணிட்டதா நினைச்சு. அண்ணன் வரட்டும், உம்மேல பொறுப்பில்லன்னு சொன்னேன். அப்ப நானும் அழுதேன்தான்.” பிறகு மலேசியைப் பார்த்தாள். “இந்தம்மா ராத்திரி முழுக்க அந்தச் சின்னவளத் திட்டுறா. அதக் கேக்குறதுக்கு வீட்டுக்கே போயிடலாம்னு தோணிச்சு.”

பக்கத்துக் கட்டிலில் மலேசியின் இளையவள் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். “சிரிக்காதடி, தையல் விட்டுரும்,” என்று மலேசி அவள் முதுகுக்குத் தலையணையை நகர்த்திக் கொடுத்தாள்.

“சரி,” என்றேன். “இப்ப, எங்க எல்லார் முன்னாடியும் சொல்லு. வெட்டவா, வேண்டாமா?”

“தெரியல.”

“தெரியலன்னா?”

“தெரியலன்னாத் தெரியல. காலைல ஒண்ணு தோணுது, வெயில் ஏறினா வேற. உங்க காலா இருந்தா உங்களுக்குத் தெரியுமா?” களியை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். “ஒண்ணு மட்டும் மாறல. எடுத்தா அது எங்கம்மா பக்கத்துல போகணும். குழி வெட்டுறவங்களுக்கு அண்ணன்தான் சொல்லணும். குப்பையில வேணாம்.”

எனெலெசி தரையைப் பார்த்தாள். எலினாட்டி அவளைப் பார்த்து, “நீ சொல்லாததுலயே தெரிஞ்சு போச்சு,” என்றாள்.

“அப்ப வெட்டிக்கலாம்ங்கிறே,” என்றேன்.

“நான் அப்படியா சொன்னேன்?”

“கால் எங்க போகணும்னு சொல்றியே!”

“‘எடுத்தா’ன்னு சொன்னேன். ‘எடுங்க’ன்னா சொன்னேன்?”

செக்கானியம்மாவைப் பார்த்தேன். அவள் மலேசியைப் பார்த்தாள். மலேசி கடலைத் தோலை மடியிலிருந்து தட்டினாள். நான் எலினாட்டியிடம் கேட்க வந்தது, அவளே சுமக்க முடியாமல் ஆளுக்குக் கொஞ்சமாக இறக்கி வைத்த ஒன்று என்று அப்போது தோன்றியது. அதை மறுபடி அவள் தலையிலேயே ஏற்றிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை என்று மருத்துவர் சொன்னது அப்படியே இருந்தது.

அட்டையை அவள் கட்டில் விளிம்பிலேயே வைத்து எழுதினேன். நலம் என்ற வரியை அடித்தேன்.

“என்ன எழுதுறீங்க?” என்றாள்.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். “தங்கள் தங்கை வெட்டச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவளுக்கே தெரியவில்லை. ஆகவே வண்டி எதுவும் பிடிக்காமல், யார் கிடைக்கிறார்களோ அவர்களோடு உடனே வாருங்கள். புறப்படுமுன் தாயார் பக்கத்தில் சிறிய குழி ஒன்றுக்குச் சொல்லிவைக்கவும். வெள்ளிக்கிழமை காலை தாங்கள் வந்து சேராவிட்டால் நான் கையெழுத்துப் போடுவேன். அது அவள் சொல்லிச் செய்தது அல்ல. நானாகச் செய்தது. பிறகு கூட்டம் கூட்டி என்னைக் கேட்கலாம்.”

“அண்ணே, அதெல்லாம் எழுத்துல குடுக்காதீங்க,” என்றாள் செக்கானியம்மா தாழ்ந்த குரலில். “உங்களைத் துரத்திருவாங்க.”

“எழுதியாச்சு.”

எலினாட்டி மீன் தட்டை என் பக்கம் தள்ளினாள். அது சம்மதமா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை, இப்போதும் பிடிபடவில்லை. “நீங்க இன்னும் சாப்பிடல” என்றாள்.

வெளியேறும் மணி அடித்தது. கொட்டகைக்குத் திரும்பி, தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். சட்டி அடியில் ஒட்டியிருந்த களியைச் சுரண்டி எடுத்து உறையின் வாயில் தடவி, ஒட்டும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். வெயில் தாழ நான் சந்தைக்குப் போனபோது லாரி புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் உறையை வாங்கி, பெயரை உரக்கப் படித்தார். “பிலியாட்டிதானே? இன்னைக்கே குடுத்துடுறேன்” என்று சட்டைப் பையில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார்.