பொன்னுரங்கம் வரையாத முப்பத்தோரு படங்கள்

எனக்கு வாய் நீளம்னு எங்கம்மா வேலம்மா ஊரு பூரா சொல்லிக்கினு திரியும். உண்மதான். பஸ்ஸுல இடிக்கறவனுக்கும், ரேஷன் கடையில வரிசைய ஒடச்சிக்கினு பூர்றவனுக்கும் அந்த வாய் தாராளமா தொறக்கும். தொறக்க வேண்டிய எடத்துல மட்டும் ஒட்டிக்கினுச்சு. அந்த மானங்கெட்ட கதையத்தான் சொல்றேன்.

ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு லேத்து பட்டறைக்கு மேல் மாடியில எங்க ஆபீஸ். பத்து கம்ப்யூட்டர், ஒரு ஏசி. அந்த ஏசியும் எங்க டீம் லீடர் டில்லிபாபு சார் தலைக்கு நேரா மட்டும்தான் வேல செய்யும். எங்கெங்கியோ செதறிக் கெடக்கற டேட்டாவ எடுத்து ஒரு ஷீட்டுல கட்டம் கட்டமா அடுக்கிக் குடுக்கறது எங்க பொழப்பு. ஸ்பேர் பார்ட்ஸ் லிஸ்ட்டு, டாக்டருங்க லிஸ்ட்டு, எது வந்தாலும் செய்வோம்.

அபயாம்பாள் மேடம் கொண்டாந்தது மட்டும் புதுசா இருந்துச்சு. மயிலாப்பூர்ல ஒரு ஸ்கூல்ல டிராயிங் டீச்சர் அவங்க, இன்னும் ரெண்டு வருசத்துல ரிட்டயர்டு. வெளிநாட்டுல ஒரு மியூசியம், தன்கிட்ட கீற அத்தினியையும் நெட்டுல தொறந்து வுட்டுகீதாம், யாரு வேணா எடுத்துக்கலாமாம். அதுல பழைய மெட்ராஸ்ல வரைஞ்ச படம் மட்டும் நானூத்திச் சொச்சம். ஒவ்வொண்ணுக்கும் நம்பர், தலைப்பு, வரைஞ்சவர் பேரு, வருசம், எதுமேல வரைஞ்சது, அளவு, இதெல்லாம் வேணும்னு கேட்டாங்க. அவங்க ஸ்கூல்ல மத்த டீச்சருங்க கலாய்ப்பாங்களாம், "படம் போடறதுக்கு எதுக்கு ஒரு பீரியட், அத்தையும் கணக்குக்குக் குடுத்துடுங்க"ன்னு. ஒரே ஒரு தபா நாலு பேரு முன்னாடி நின்னு, இந்த ஊர்ல படம் வரைஞ்சவங்களப் பத்தி பேசிடணும்னு மேடத்துக்கு ஆசை. அதுக்குத்தான் இந்த லிஸ்ட்டு.

வேல என் தலையில வுழுந்துச்சு. ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓட வுட்டேன். அது மியூசியத்துகிட்ட ஒவ்வொரு நம்பரா கேக்கும், அங்கேருந்து வர்ற பதில் அதது கட்டத்துல போய் குந்திக்கும். டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள நானூறும் வந்துட்சி. ஷோக்கா கீதேன்னு பாத்தா, ஒரு எடத்துல வரைஞ்சவர் பேரு வரிசையா காலி. எங்க ஷீட்டுல காலிக் கட்டம் தானா செவப்பாயிடும். செவப்பு ஒண்ணு இருந்தாகூட டில்லிபாபு சார் திருப்பி அனுப்பிடுவாரு. "தெரியவில்லை"ன்னு போடலாம், தப்பில்ல. ஆனா அப்படிப் போட்டா ஏன் தெரியலன்னு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு வரி எழுதணும், அது ஆபீஸ் ரூலு. மொத்தம் முப்பத்தோரு செவப்பு. எனக்குக் காண்டாயிட்சி.

அந்த செவப்புக்கு மேல் கட்டத்துல ஒரு பேரு இருந்துச்சு. பொன்னுரங்கம், மெட்ராஸ். வெள்ளக்காரன் மியூசியத்துல நம்ப பேட்டை ஆளு குந்தினுகீறாரேன்னு சிரிப்பு வந்துட்சி. அந்தக் கட்டத்தோட மூலையப் புடிச்சி கீழ இழுத்தேன். முப்பத்தோரு செவப்பும் பூட்சி, எல்லாம் பொன்னுரங்கம். அத்தினியும் கிட்டத்தட்ட ஒரே காலம், எல்லாம் மைக்கா தகடுமேல வரைஞ்சது, மியூசியத்துக்குக் குடுத்ததும் ஒரே ஆளு, அப்ப வரைஞ்ச கையும் ஒண்ணாதான் இருக்கும்னு நானே வக்கீலு, நானே ஜட்ஜு. செவப்பே இல்லாத ஷீட்டப் பாத்துட்டு டில்லிபாபு சார், "கயல் செஞ்சா கிளீனு"ன்னாரு. நானும் இளிச்சிக்கினு வூட்டுக்குப் பூட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சி மேடம் போன் பண்ணாங்க. மூச்சு வாங்குது.

"கயல், நீ என்னத்தைக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கேன்னு உனக்குத் தெரியுமோ? முப்பத்திரண்டு படம்டி! ஒரே மனுஷன்! இத்தனை வருஷமா புஸ்தகம் புஸ்தகமா பாத்துண்டிருக்கேன், ஒண்ணு ரெண்டுக்கு மேல ஒருத்தர் பேர்ல பாத்ததே இல்லை. என் பேச்சே இனிமே பொன்னுரங்கத்தைப் பத்திதான்."

ஷீட்டுல படத்தோட லிங்க்கும் இருந்துச்சு. மேடம் அதுலேருந்து படத்த மட்டும் எறக்கிக்கினு, விவரத்துக்கு என்னிய நம்பிட்டாங்க. "மேடம், அது நான் இழுத்து வுட்டது"ன்னு அங்கியே சொல்லியிருக்கலாம். அதுக்குள்ள அந்தப் பக்கம் அழுற சத்தம் கேக்குது. சந்தோசத்துல அழறவங்ககிட்ட அத்த எப்படி சொல்றது? "சூப்பர் மேடம்"னு சொல்லிட்டு வெச்சிட்டேன். த்தூ, நானெல்லாம் ஒரு மனுசி.

அன்னிலேருந்து சோறு எறங்கல. சனிக்கெழம மந்தைவெளி ஸ்டேஷன்ல எறங்கி மேடம் வூட்டுக்கு நடந்தேன், சொல்லியே தீர்றதுன்னு. வழி பூரா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கினே போனேன். கதவத் தொறந்ததும், "வா வா, ஆத்துல யாருமில்லை, உக்காரு, காபி கலக்கறேன்"னு உள்ள இழுத்துக்கினு போனாங்க. கையில ஒரு அழைப்பிதழக் குடுத்தாங்க. "பொன்னுரங்கம்: மறந்துபோன ஒரு மெட்ராஸ் ஓவியர்"னு தலைப்பு. கீழ, "தரவுத் தொகுப்பு: செல்வி கயல்".

"உனக்கு மேடையில பொன்னாடை போத்தறேன். அம்மாவை அவசியம் அழைச்சுண்டு வரணும்."

"மேடம், அந்த லிஸ்ட்டுல..."

"ஏன், ஏதாவது தப்பிருக்கோ?" காபி டம்ளர் பாதி வழியில நின்னுபோச்சு. மூஞ்சில ரத்தமே இல்ல.

"இல்ல மேடம், ஒரு படத்தோட அளவு ஒரு சென்டிமீட்டர் முன்னபின்ன இருக்கும், அவ்ளோதான்."

ஜகா வாங்கிட்டேன். அவங்க போட்ட காபிய வேற குடிச்சிட்டு வந்தேன்.

ஞாயித்துக்கெழம சாயந்திரம், மயிலாப்பூர்ல ஒரு சின்ன ஹாலு. நாப்பது பேரு இருப்பாங்க. கலாய்ச்ச டீச்சருங்க முன் வரிசையில. எங்கம்மா பெரும்பாக்கத்துலேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி, இருக்கறதுலயே நல்ல பொடவையக் கட்டிக்கினு வந்து ரெண்டாவது வரிசையில குந்திக்கினு, பக்கத்து மாமிகிட்ட, "மேடையில கீது பாரு, அது எம்பொண்ணுதான்"னு சொல்லிக்கினு இருந்துச்சு. மேடம் எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. எங்கம்மா கைதான் மொதல்ல தட்டுச்சு.

அப்பால மேடம் பேசுனாங்க. இன்னா பேச்சு! ஒவ்வொரு படமா திரையில காட்டி, "இதுல பாருங்கோ, கோடு நடுங்கறது. சின்ன வயசு, பயம். இந்தப் படத்துல கை நின்னுடுத்து. இதுல கண்ணு போடற விதமே மாறிடறது, ஏதோ துக்கம் வந்திருக்கணும்"னு சொல்லச் சொல்ல, ஹாலே வாயப் பொளந்துக்கினு கேட்டுச்சு. முன் வரிசை டீச்சருங்ககூட தலைய ஆட்டுனாங்க. முப்பத்திரண்டு படத்த வெச்சி ஒரு மனுசனுக்கு வாழ்க்கையே குடுத்துட்டாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும். நடுங்குனது ஒருத்தன் கையி, நின்னது வேற எவன் கையோ. அந்த மனுசன் துக்கப்பட்டாரோ இல்லியோ, நான் படப்போறேன்னு தெரிஞ்சிபோச்சு.

கடைசியா முப்பத்திரண்டு படத்தையும் ஒண்ணா திரையில போட்டு, "ஏதாவது கேக்கணுமா?"ன்னாங்க. மூணாவது வரிசையிலேருந்து ஒரு பொண்ணு எழுந்துச்சு. ஸ்நேஹாவாம், ஓவியக் கல்லூரியில படிக்குதாம். கையில போன்.

"மேடம், மியூசியம் சைட்ட இப்பதான் பாக்கறேன். நீங்க முதல்ல காட்டினதுக்கு வரைஞ்சவர் பேரே போடலியே? அடுத்ததுக்கும் இல்ல."

முன் வரிசையில ஒரு டீச்சர், "அதான பாத்தேன்"னு சிரிச்சிது.

மேடம் அசரல. "இருக்காது. கயல் ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து எடுத்தவ. மியூசியம்காராதான் அப்புறமா மாத்தியிருப்பா. இல்லையா கயல்?"

தலைய ஆட்டுனா போதும். அவ்ளோதான் வேல. மேடம் என்னியவே பாக்கறாங்க, எங்கம்மாவும் பாக்குது. நாப்பது பேரு முன்னாடி இன்னொரு பொய்ய அவங்க கையால எனக்கு ஊட்டி வுடறாங்க, முழுங்குனா தப்பிச்சிடலாம். நான் முழுங்கல.

"இல்ல மேடம். மியூசியம் ஒண்ணும் மாத்தல. பேரு காலியா இருந்துச்சு. நான்தான் மேல இருந்த பேர புடிச்சி கீழ இழுத்து வுட்டுட்டேன். முப்பத்தோரு படத்துக்கு. நீங்க போன் பண்ண அன்னிக்கே எனக்குத் தெரியும். உங்க வூட்டுக்கு வந்தது அத்த சொல்லத்தான், சொல்லாமப் பூட்டேன்."

மேடம் மைக்க ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு நின்னாங்க. திட்டுனா தேவலாம்னு இருந்துச்சு, திட்டல.

"நான் துக்கம் வந்திருக்கணும்னு சொன்னேனே, அது..."

"அது வேற யாரோ மேடம்."

மேடம் திடீர்னு நிமிந்தாங்க.

"முப்பத்தொண்ணுதானே சொன்னே? அப்போ ஒண்ணு? ஒண்ணாவது அவர் போட்டதுதானே?"

"ஆமா மேடம். ஒண்ணு நெசம். அதுல அவர் பேரு கீது."

அவங்க மூஞ்சில உசுரு வந்துச்சு. முன் வரிசையப் பாத்து நெஞ்ச நிமித்துனாங்க. "போறும். ஒண்ணு போறும் எனக்கு. அந்த ஒண்ணை வெச்சுண்டு பேசறேன். எது அது? காட்டு."

திரும்பித் திரையப் பாத்தேன். பாம்பாட்டி, மோர்க்காரி, நாவிதன், செருப்பு தெக்கறவன், கொடத்தோட ஒரு பொம்பள. முப்பத்திரண்டு பேரும் என்னியப் பாக்கறாங்க, ஒரு மூஞ்சிகூட எனக்குத் தெரியல. ஷீட்டுல அது எத்தினியாவது வரி, அளவு இன்னான்னு கேட்டிருந்தா தட்டுத் தடுமாறியாவது சொல்லியிருப்பேன். கைய தூக்குனேன், எங்க காட்டறதுன்னு தெரியாம எறக்கிட்டேன்.

"தெரியல மேடம். நான் படத்தத் தொறக்கவே இல்ல. பேரும் நம்பரும்தான் பாத்தேன்."

மேடம் மேடையிலேருந்து எறங்கிப் போயி ஸ்நேஹாகிட்ட போன வாங்கி, கண்ணாடியப் போட்டுக்கினு, மொதல் படத்துலேருந்து ஒவ்வொண்ணா தேட ஆரமிச்சாங்க. ஒருத்தரும் எழுந்து போகல.

எங்கம்மாக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இத்தினி நேரமும் அது திரையத்தான் பாத்துக்கினு இருந்துகீது. ரெண்டாவது வரிசையிலேருந்து என்னிய நிமிந்து பாத்து, யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு நெனச்சிக்கினு, ஆனா ஹாலு பூரா கேக்கற மாதிரி கேட்டுச்சு.

"அந்த மோர்க்காரி எம்மாம் ஷோக்கா சிரிக்கறா. அவளக்கூடவாடி நீ பாக்கல?"

"பாக்கலம்மா"ன்னேன்.