நாற்பது நிமிட இருட்டு

ஸ்டூலின் ஒரு கால் குட்டை. டெய்லரம்மா ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் நகத்தால் கேமராவின் அடியிலிருந்த சின்ன மூடியை நெம்பினாள். மின் கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் ஏறியிருந்தாள். அப்படியும் அந்தக் கண்ணாடி உருண்டை தன்னையே பார்ப்பதாகத்தான் தோன்றியது. பின்னால் கூடத்தின் நடுவே மாமியார் வெள்ளைப் போர்வைக்குள் நீட்டிப் படுத்திருந்தார். நேற்றுப் பதினொரு மணியிலிருந்து அப்படித்தான். வாசலில் நாற்காலிகளை இறக்கும் சத்தமும், "சுவரோரமா போடுங்க" என்ற கணவனின் குரலும் கேட்டன.

மூடி கழன்றது. நகம் அளவுக் கார்டு உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதே நொடியில் தெருவில் கார்க் கதவு அடிபட்டது.

"பாப்பா வந்துட்டா!"

இறங்கியது எப்படி என்று அவளுக்கே தெரியாது. தையல் மிஷினின் இழுப்பறையைத் திறந்து, பட்டன் டப்பாவுக்குள் கார்டைப் போட்டு, நான்கு பட்டன்களை மேலே தள்ளி மூடினாள்.

பாப்பா அவளுடைய நாத்தனார். நாற்பத்திரண்டு வயது, வேறு ஊரில் பெரிய அலுவலகத்தில் முப்பது பேரை வேலை வாங்குகிறவள். இந்த வீட்டில் மட்டும் பிறந்தது முதல் பாப்பா. அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பேச்சும் குழறிப்போய்ப் படுத்ததும், "நான் லீவு போட்டு எத்தனை நாள் இருக்க முடியும்?" என்று அழுதுவிட்டுப் போனாள். ஒரு நாள் டெய்லரம்மா தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தபோது மாமியார் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து இருபது நிமிடம் தரையிலேயே கிடந்தார். அடுத்த வாரமே கேமரா வந்துவிட்டது.

மாட்ட வந்தவர் மூன்று விதம் காட்டினார். போனில் பாப்பா ஒவ்வொன்றையும் துருவித் துருவிக் கேட்டாள். ஒரே இடத்தைப் பார்ப்பது வேண்டாம், ஆள் நடந்தால் கூடவே திரும்புவது வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும், அங்கிருந்து பேசினால் இங்கே கேட்க வேண்டும்.

"பதிவெல்லாம் எங்க இருக்கும்?" என்று டெய்லரம்மா கேட்டாள்.

"உள்ள ஒரு கார்டு இருக்கும்மா. எல்லாம் அதுலதான். கார்டு போச்சுன்னா போச்சு."

அன்றைக்கு ஏன் அதைக் கேட்டோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

எட்டு மாதம். சுவரில் ஒரு நீலப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. அவள் எழுந்தால் கர்ர் என்று தலையைத் திருப்பும். மாமியாருக்கு ஊட்டும்போது முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொள்வாள். மலத்துணி மாற்றும்போது மூக்கைச் சுளிக்கமாட்டாள். எப்போதாவது மதியத்தில் கால் நீட்டி உட்கார்ந்தால், நாலு நிமிடத்தில் சுவர் பேசும்: "அண்ணி, அம்மாவுக்கு மருந்து குடுத்தாச்சா?" தூக்கிவாரிப் போடும்.

நேற்றுக் காலை பத்தேகாலுக்கு, பகலிலும் அரையிருட்டான கூடத்தில், பாலில் ஊறவைத்த ரொட்டியை மாமியார் துப்பினார். அது பக்கத்தில் விரித்திருந்த கல்யாணத் துணியின் மேல் போய் விழுந்தது. சாயங்காலம் கொடுத்தாக வேண்டிய துணி.

"சாகவும் மாட்டேங்குறீங்க! என்னையும் வாழ விட மாட்டேங்குறீங்க!"

வாயை விட்டு வந்தபிறகுதான் அவளுக்கே கேட்டது. அண்ணாந்து பார்த்தாள். நீலப் புள்ளி. கையிலிருந்த லைனிங் துணியை அதன் மேல் வீசினாள். அது அப்படியே மாட்டிக்கொண்டு தொங்கியது. சுவர் பேசவில்லை; பாப்பா அப்போது பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு மாமியாரின் வாய் திறந்தபடி இருந்ததைப் பார்த்து, "அத்தை, அத்தை" என்று உலுக்கியபின்தான் அந்தத் துணியின் ஞாபகம் வந்து இழுத்தெடுத்தாள்.

கத்தினாள், கேமராவின் கண்ணை மூடினாள், கிழவி செத்தாள். பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பாப்பா உள்ளே வந்து அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். அழவில்லை. வெகுநேரம் கழித்துத் தலையை நிமிர்த்தி, அலமாரிக்கு மேலே பார்த்தாள்.

"அண்ணி, கேமரா ஏன் ஆஃப்ல இருக்கு?"

"கூட்டமா இருக்குன்னு... கம்பிய எடுத்துட்டேன்."

"கார்டு உள்ளதானே இருக்கு? யாரும் எடுத்துடலையே?"

"எடுக்கல. யாரு எடுக்கப்போறா?"

பாப்பா தலையாட்டினாள். அதற்குப்பின் டெய்லரம்மா அவள் பக்கமே திரும்பவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், ஜன்னல்களைத் திறந்தாள், திறந்ததை மூடினாள். யாரோ ஒரு சொந்தக்காரி தோளைத் தட்டி, "உன்ன மாதிரி ஒரு மருமக கிடைக்கணுமே" என்றபோது தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். இரண்டு முறை மிஷின் அருகே போனாள். கத்தரியின் ஒரு வெட்டுப் போதும், கார்டு இரண்டு துண்டு. இரண்டு முறையும் யாராவது வந்து உட்கார்ந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்தது. மாமியாரை ஏற்றி, ஆண்களும் ஏறிக்கொண்டார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் வீடு திடுக்கென்று பெரிதாகிவிட்டது.

பாப்பா ஸ்டூலில் ஏறியிருந்தாள். கேமராவின் மூடி திறந்து தொங்கியது.

"அண்ணி, கொஞ்சம் உள்ள வாங்க."

டெய்லரம்மா பட்டன் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் கொட்டினாள். பட்டன்களுக்கு நடுவே கார்டு கிடந்தது.

"நான்தான் எடுத்தேன். நீ பாக்கக்கூடாதுன்னு."

"நான் நேத்தே பாத்துட்டேன் அண்ணி."

டெய்லரம்மா கட்டில் விளிம்பைப் பிடித்தாள்.

"ஆபீஸ்ல உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். நீங்க கத்தினீங்க. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. நாலு வார்த்தை கேக்கணும்னு போன்ல பேசற பட்டன்ல விரல வெச்சேன். அதுக்குள்ள துணி விழுந்துடுச்சு." பாப்பா கார்டைத் துடைத்தாள். "படம் போனாலும் சத்தம் வரும் அண்ணி. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எட்டு மாதத்தில் யாரும் சொல்லவில்லை.

"நீங்க அம்மாவுக்கு வாய் கழுவிவிட்டது கேட்டுச்சு. 'கோவிச்சுக்காதீங்க அத்தை, கையக் குடுங்க'ன்னது கேட்டுச்சு. அப்பவே என் கோவம் போயிடுச்சு. ஆனாலும் பேசல. பட்டன அமுக்கி ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டிருந்தா அவங்களுக்குக் கேட்டிருக்கும். நாற்பது நிமிஷம் வீம்பா உக்காந்திருந்தேன்."

வெளியே யாரோ இருமினார்கள். பாப்பா பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள்.

"கடைசில அம்மா என்னவோ சொல்றாங்க. போன்ல பிடிச்சு வெச்சிருக்கேன், கரகரன்னு ஒண்ணும் புரியல. ராத்திரி முழுக்கக் கேட்டுட்டேன். கார்டுல தெளிவா இருக்கும்னுதான்... என்ன அண்ணி சொன்னாங்க?"

"தெரியல." டெய்லரம்மா தரையைப் பார்த்தாள். "ஏதோ சொன்னாங்க. சொல்லும்போதே மிஷின் மிதிய நல்லா அழுத்திட்டேன். கேக்கக்கூடாதுன்னுதான். எனக்குத் துணி போன எரிச்சல்."

இந்த முறை பாப்பா கத்துவாள் என்று காத்திருந்தாள். பாப்பா இயர்போனின் ஒரு முனையை அவளிடம் நீட்டினாள்.

திரை கறுப்பாக இருந்தது. மிஷின் ஓடியது. அவளுடைய மிஷின்தான். தையல் வளையும் இடத்தில் வேகம் குறையும், நேரே போகும்போது கூடும். அந்த வேகக் குறைவில் ஒரு குரல், நாக்கு புரளாமல், ஈரமாக. உடனே மிஷின் இரைச்சல் எழுந்து அதை மூடியது.

"இங்கதான்," என்றாள் பாப்பா. திரும்பப் போட்டாள். "தண்ணி கேட்டாங்களா?"

டெய்லரம்மா இயர்போனைக் காதோடு அழுத்தினாள். தண்ணீராக இருக்கக்கூடாது. வேறு எதுவாகவும் இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் முறை கேட்டாள். எட்டு மாதமாக அந்தக் குழறலை அவள் ஒருத்திதான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். கணவன்கூட அவள் முகத்தைப் பார்த்துத்தான் தன் அம்மா சொன்னதைப் புரிந்துகொள்வான்.

நான்காம் முறை புரிந்தது. அவள் இயர்போனைக் கழற்றினாள்.

"என்ன அண்ணி?"

பொய் சொல்லியிருக்கலாம். 'பாப்பா எங்கன்னு கேட்டாங்க' என்றால் போதும். வாய்வரை வந்தது.

"லைட்டப் போட்டுக்கோ, கண்ணு கெட்டுடும்ங்கிறாங்க."

பாப்பா திரையையே பார்த்தாள்.

"உங்களுக்குச் சொன்னது."

"ம்."

"அவ்வளவு கத்தினதுக்கப்புறம்."

டெய்லரம்மா பட்டன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். பாப்பா மறுபடி ஒரு தடவை ஓட்டினாள். இப்போது அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். உதடு அந்த வார்த்தைகளோடு சேர்ந்து அசைந்தது. பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு, மூடியின் மேல் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டாள்.

காலையிலிருந்து முதல் முறையாக டெய்லரம்மா நாத்தனாரை நேராகப் பார்த்தாள். தோள்பட்டையில் தையல் விளிம்பு வெளியே தெரிந்தது. பக்கவாட்டில் நூல் பிசிர்கள். கழுத்துக்குப் பின்னால் கடையின் துணி லேபிள் நீட்டிக்கொண்டிருந்தது. மேல்சட்டையை உள்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தாள். வந்து கட்டிக்கொண்டு அழுத அத்தனை பேரில் ஒருவரும் சொல்லவில்லை.

அவள் போய் அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தாள்.

"பாப்பா, கையத் தூக்கு."

பாப்பா ஏன் என்று கேட்காமல் இரண்டு கைகளையும் தூக்கினாள்.