ஐந்து மாதம்

விமான நிலையத்துக்குள் போகும் சாலையின் ஓரத்தில் வேனை நிறுத்தி, முன் சீட்டில் உட்காரவைத்து, மாக் லம்தியுர் என் அக்காவுக்கு உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அக்கா தியார்மாவின் கீழுதடு வெடித்திருந்தது. சாயம் வெடிப்புக்குள் இறங்கி ரத்தம் கட்டியதுபோல நின்றது. மாக் லம்தியுர் விரலில் எச்சில் தொட்டு அதைத் துடைத்துவிட்டு மறுபடி பூசினாள். அதே சாயத்தைக் கன்னத்திலும் தேய்த்தாள். மஞ்சளாகிப்போன கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. வயிற்றை மறைக்க அக்காவின் புருஷன் ஜொங்கியுடைய பெரிய ஜாக்கெட். எல்லாம் முடிந்ததும் ஓரடி தள்ளி நின்று பார்த்து, "கல்யாணத்துக்குப் போறவ மாதிரி இருக்க. கண்ணாடிய மட்டும் கழட்டிராத" என்றாள்.

எங்கள் தெருவில் பினாங்கு பற்றிப் பேச மாக் லம்தியுருக்குத்தான் உரிமை. புருஷனை வைத்தியத்துக்கு மூன்று தடவை அங்கே கொண்டுபோனவள். மூன்றாம் தடவை அவர் விமானத்தின் அடியில், சாமான்களோடு பெட்டியில் வந்தார். அதற்காக அவள் பினாங்கைக் குறை சொன்னதில்லை. "செத்தாலும் என்னன்னு தெரிஞ்சு செத்தாரு" என்பாள். சுமத்ராவில், எங்கள் மேடான் நகரத்தில், அதுகூடப் பெரிய விஷயம்தான். அக்காவின் வயிற்றில் நீர் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை ஊசி குத்தி வாளியில் இறக்கினார்கள். இரண்டு தடவையும் பத்தே நாளில் பழையபடி ஊறிவிட்டது. நான் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். ஓட்டை எங்கே என்று தேடாமல் காற்றடித்து அனுப்புகிறவனை எங்கள் தொழிலில் திருடன் என்போம். மூன்றாம் தடவை டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், ஆசைப்பட்டதைச் சமைத்துக் கொடுங்கள் என்றார். என்ன நோய் என்று ஜொங்கி கேட்டதற்கு, தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்.

அது திங்கட்கிழமை. அன்று மாலையே ஜொங்கி பினாங்கு என்று முடிவுகட்டிவிட்டான். செவ்வாய்க்கிழமை, இருப்பதிலேயே மலிவான விமானத்தில் மூன்று டிக்கெட். புதன்கிழமை காலையில் இதோ சாலையோரம். அங்கே எங்கே தங்குவது, யார் சோறு போடுவார்கள், ஒன்றும் தெரியாது. மாக் லம்தியுரின் பழைய டாக்டர் பெயர் ஒரு சிகரெட் அட்டையில் எழுதி என் பையில் இருந்தது, அவ்வளவுதான். ஆளுக்கு ஏழு கிலோ. அக்காவின் பையில் இரண்டு சாரோங்கும் ஒரு புட்டி நெத்திலி சம்பாலும். சொந்தக் கிராமத்துக்குப் பஸ்ஸில் போனால் ஆறு மணி நேரம். கடல் தாண்டிப் பினாங்குக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் பஸ்ஸில் சாகக் கிடக்கிறவனையும் ஏற்றுவார்கள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். நோயாளி என்று கண்டுவிட்டால் 'பறக்கலாம்' என்று டாக்டர் கடிதம் கேட்பார்கள். பேனாவை மூடிவைத்தவரிடம் யார் போய்க் கேட்பது? போன மாதம்கூட எங்கள் சர்ச்சுக்காரர் ஒருவரைச் சக்கர நாற்காலியோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால் நாற்காலி கிடையாது. நடக்க வேண்டும். முனகக் கூடாது. ஸ்கேன் படங்கள் இருந்த பெரிய உறையை நான் சட்டைக்குள் முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். நடந்தால் தகரம் மாதிரிச் சத்தம் போட்டது.

உள்ளே வரிசை நீளமாக இருந்தது. அக்கா வலது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஏதோ செல்லமாய்ப் பிடித்திருக்கிறவள்போல நின்றாள். அவள் பாரம் முழுவதும் என்மேல்தான் இருந்தது. பாரம் என்ன, வயிறு ஒன்றுதான் பாரம். கையும் காலும் சுள்ளி. காய்கறிச் சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டையைத் தனியாளாய் முதுகில் ஏற்றினவள்.

"இத்தோ, முதுகுல என்னடா சத்தம்?" என்று மெதுவாகக் கேட்டாள். கூடப்பிறந்த ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் எங்களில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"உன் வயித்துப் படம்தான்."

"மடக்கிராத. டாக்டர் திட்டுவாரு."

எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தலையை நிமிர்த்தாமல் பாஸ்போர்ட்டுகளை வாங்கினாள், புரட்டினாள், தட்டினாள். அவள் தலை நிமிராதவரை எங்களுக்கு நல்லது. இன்னும் ஒரு நிமிஷம் ஜொங்கி வாயை மூடிக்கொண்டிருந்தால் சீட்டு கையில் வந்திருக்கும். ஆனால் அவள் நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் சித்தோருஸ் என்று இருந்தது. ஜொங்கியும் சித்தோருஸ். ஒரே குலப்பெயரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக எங்கள் பாத்தாக் இனத்து ஆளால் முடியாது. ஜெயிலுக்குப் போனாலும் முதலில் காவலாளியின் குலத்தைத்தான் கேட்பான். அதுவும் ஜொங்கி பயந்திருந்தான். பயந்தவன் சொந்தம் தேடுவான்.

"நீ எத்தனையாவது தலைமுறைம்மா?" என்று கேட்டான்.

விரல்கள் நின்றன. அவள் தலை நிமிர்ந்தது. "பதினஞ்சு. நீங்க?"

"பதினாலு."

"அட, அப்ப எனக்குச் சித்தப்பா." முகமே மாறிவிட்டது. அதுவரை சீருடைக்குள் இருந்தவள் வெளியே வந்து நின்றதுபோல இருந்தது. எந்தக் கிளை, தாத்தா ஊர் எது என்று இரண்டு பேரும் மளமளவென்று பேசினார்கள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பேச்சு முடிந்ததும், முறைப்படி, சித்தியைப் பார்க்க வேண்டுமே. அவள் பார்த்தாள். எட்டிப் பார்த்தாள். ஜாக்கெட்டின் பொத்தான்கள் இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் அவள் கண் நின்றது.

"சித்தி, எத்தனை மாசம்?"

அக்காவின் கை என் தோளை அழுத்தியது. ஐந்து நகமும் இறங்கின.

அக்காவுக்குக் கல்யாணமாகி இருபத்தொரு வருஷம். எங்களில் முதல் பிள்ளை பிறந்ததும் தாய் தகப்பனின் சொந்தப் பெயர் போய்விடும். பிள்ளை பெயர்தான் அவர்கள் பெயர். லம்தியுர் பிறந்ததால்தான் அவள் மாக் லம்தியுர், லம்தியுரின் அம்மா. பிள்ளை பிறக்காதவர்களை ஊர் சும்மா விடாது, பைமா என்று கூப்பிடும். காத்திரு என்று அர்த்தம். பெண்டாட்டி மாக் பைமா, புருஷன் பா பைமா. முதல் இரண்டு வருஷம் அது வாழ்த்து. ஐந்தாம் வருஷம் கேலி. பத்தாம் வருஷத்துக்குப் பிறகு யாரும் யோசித்துக்கூடச் சொல்வதில்லை, அதுவே பெயர். ஜொங்கியின் அம்மா சாகும்வரை வேறொருத்தியைக் கட்டச் சொல்லி நச்சரித்தாள். அவன் கட்டவில்லை. ஆனால் மாட்டேன் என்று அம்மாவிடம் அக்கா காதுபட ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். அதை அக்கா ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவன் சும்மா இருக்கவில்லை. ஒரு மூச்சுத்தான் தயங்கினான்.

"அஞ்சு மாசம்" என்றான்.

"முதல் பிள்ளையா?"

"ஆமா. முதல்."

அந்தப் பெண் இரண்டு கையையும் சேர்த்து வாயில் வைத்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று வயது என்று பாஸ்போர்ட்டில் பார்த்திருப்பாள். கண் கலங்கிவிட்டது. கர்த்தர் பெரியவர் சித்தி என்றாள். பிறகு என்னைப் பார்த்து, தாய்மாமனா என்று கேட்டாள், மீன் ஊட்டியாயிற்றா என்று கேட்டாள். ஏழாம் மாதம் மீன் சமைத்துக் கொண்டுபோய் அக்காவுக்கு ஊட்டி, தோளில் நெய்த துணியைப் போர்த்திவிட வேண்டியது பிறந்த வீட்டின் கடமை. இருபத்தொரு வருஷமாக என் வீட்டுப் பெட்டியில் அந்தத் துணி மடித்தே இருந்தது.

"ஏழாம் மாசம்தான" என்றேன். என் வாய் தானாகச் சொல்லிற்று.

ஏழு மாதத்துக்கு மேல் என்றால் டாக்டர் கடிதம் வேண்டும், ஐந்துக்குக் கையெழுத்துப் போதும் என்று அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். பயணத்தில் தாய்க்கோ வயிற்றிலுள்ள குழந்தைக்கோ என்ன நேர்ந்தாலும் கம்பெனி பொறுப்பல்ல. அக்கா கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அதை வரி வரியாகப் படித்தாள். ஜொங்கி படிக்காதே, போடு என்று அவசரப்படுத்தினான். அவள் முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கையில் அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் ஜொங்கி என் பக்கம் ஒட்டி வந்தான். வேர்த்து ஊற்றியது. "பாத்தியா லாயே, தப்பிச்சோம். கர்ப்பம்னு சொன்னதும் எப்படி விட்டா பாத்தியா?" என்றான். மைத்துனர்களுக்குள் லாயே என்றுதான். அவன் அக்கா பக்கம் திரும்பி, கோபமா என்று கேட்டான். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

வெயிலில் தளம் கொதித்தது. மலிவு விமானத்துக்குக் கதவோடு ஒட்டும் பாலம் கிடையாது, நடந்துபோய்ப் படியேற வேண்டும். பதினாறு படி. ஏழாவது படியில் அக்கா நின்றாள். கீழே வரிசையும் நின்றது. நோயாளி என்று தெரிந்திருந்தால் இங்கேயே இறக்கியிருப்பார்கள். ஆனால் செய்தி எங்களுக்கு முன்னால் விமானத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மேலேயிருந்து பணிப்பெண் இறங்கி வந்து, மெதுவாக, மெதுவாக அம்மா, அவசரமே இல்லை என்று கையைப் பிடித்து ஏற்றினாள். கீழே ஒருவன்கூட முணுமுணுக்கவில்லை.

சேர்ந்து உட்காரவும் தனியாகக் காசு கேட்பார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. அதனால் ஜொங்கிக்குக் கடைசி வரிசை, அக்காவுக்கு எட்டாவது, எனக்கு ஒன்பதாவது. அக்காவுக்குப் பக்கத்தில் மேடான் சீன அம்மாள் ஒருத்தி, இதய டாக்டரைப் பார்க்கப் போகிறவள். இடைவெளி வழியாக அவர்கள் பேச்சு எனக்குக் கேட்டது. பையனா பெண்ணா என்று அந்த அம்மாள் கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா மழுப்புவாள், தூங்குகிற மாதிரி சாய்ந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

"பையன்" என்றாள் அக்கா.

"உதைக்கிறானா?"

"ராத்திரியெல்லாம் உதைக்கிறான். தூங்கவே விடுறதில்ல."

ராத்திரியெல்லாம் அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பேர் வைத்தாகிவிட்டதா என்று அந்த அம்மாள் கேட்டாள். தோகார் என்றாள் அக்கா. ஒரு நொடி யோசிக்கவில்லை. இப்போது கண்டுபிடித்த பெயர் இல்லை அது. எத்தனை வருஷமாக வைத்திருந்தாளோ, ஜொங்கிக்குக்கூடத் தெரியாது. இனி என்னை மாக் தோகார் என்பார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள். தொட்டில், எண்ணெய், எந்தச் சர்ச்சில் ஞானஸ்நானம் என்று போய்க்கொண்டே இருந்தது. அந்த அம்மாள் தன் பிஸ்கட்டை ஊட்டினாள். அக்கா தின்றாள். மூன்று நாளாய்க் கஞ்சி தங்காத வயிறு. எனக்குப் பயமாக இருந்தது. பாடுகிற பைத்தியத்தைப் பார்க்கிற பயம் இல்லை. அவள் தெளிவாகத்தான் இருந்தாள்.

பினாங்கில் இறங்கியதும் குடியேற்ற வரிசையில் ஜொங்கி எங்களோடு சேர்ந்துகொண்டான். இனிப் பயம் இல்லை, இங்கே உண்மையைச் சொல்லலாம், நோயாளியைக் கையைத் தட்டி வரவேற்பார்கள் என்று மாக் லம்தியுர் சொல்லி அனுப்பியிருந்தாள். கர்ப்பிணிக்குத் தனி வரிசை என்று ஒரு காவலர் எங்களைக் கைகாட்டி முன்னால் அனுப்பினார். சீன அம்மாளையும் வயசானவள் என்று எங்கள் பின்னால் விட்டார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அக்காவைப் பார்த்தார். எத்தனை மாதம் என்று கேட்டார்.

ஜொங்கி வாயைத் திறக்குமுன் அக்கா, "அஞ்சு" என்றாள்.

அதிகாரியின் முகம் இறுகியது. முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார். பிரசவம் பார்க்க வந்தீர்களா, எந்த ஆஸ்பத்திரி, பணம் கட்டிய சீட்டு எங்கே, தங்கும் விலாசம் எங்கே? ஒன்றும் எங்களிடம் இல்லை. இல்லையென்றால் இதே விமானத்தில் திரும்பிப் போகலாம் என்றார். அது இன்னும் முக்கால் மணி நேரத்தில் கிளம்பும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்கிறவர்போலச் சொன்னார்.

ஜொங்கி அக்காவின் காதருகே குனிந்தான். "நோயின்னு சொல்லு. வயித்துல நீர்னு சொல்லு. லாயே, அந்தப் படத்த எடு."

நான் சட்டைக்குள் கையை விட்டேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீதான சொன்ன, அஞ்சு மாசம்னு. நான் கேட்டனா?" என்றாள் அவனிடம். குரல் உயரவில்லை. "நீயே மாத்திச் சொல்லு. பிள்ளை இல்லன்னு எல்லாரும் கேக்கச் சொல்லு. என் வாயால வராது."

"திருப்பி அனுப்பிருவாங்கடி. செத்துப்போவ."

"சொல்லு."

பின்னால் சீன அம்மாள் என்ன ஆச்சு மாக் தோகார் என்று கேட்டாள். ஜொங்கி விருட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். பஸ் நிலையத்தில் பயணிகளைக் கூவி ஏற்றுவதுதான் அவன் வேலை, கூப்பிட்டால் நாலு தெரு கேட்கும். அவன் உதடு இரண்டு தடவை பிரிந்து மூடியது. அதிகாரி கண்ணாடித் துளைப் பக்கம் குனிந்து, கொஞ்சம் சத்தமாக, என்னதான் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

அக்கா ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டாள். ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் ஊன்றி, மாதம் ஏறிய பெண்கள் நிற்கிறதுபோலக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து நின்றாள்.