எழுந்து நின்ற கண்டக்டர்

முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் நின்றபடியே பிழைத்த கண்டக்டருக்கு, விமானத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பதே தண்டனையாக இருந்தது. போதாததற்குச் சட்டைப் பையில் ஒரு கடிதம் உறுத்தியது. மருமகளின் ராஜினாமாக் கடிதம். மகன்தான் டைப் அடித்துக் கொடுத்திருந்தான். "நீங்க சொன்னா தட்டமாட்டாப்பா. இறங்கினதும் கையெழுத்து வாங்கிடுங்க."

அந்த மருமகள் இதோ, இதே விமானத்தில் தள்ளுவண்டியோடு வந்து நிற்கிறாள்.

"டீயா, காபியா மாமா?"

"டீ ஊத்த ஆகாசம் வரைக்கும் வரணுமாம்மா?"

"உங்களுக்குச் சர்க்கரை கிடையாது" என்று சிரித்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

"வேலை முடியட்டும் மாமா."

அடுத்த நொடி 'டமார்' என்றது. காது அடைத்தது. உள்ளெல்லாம் வெண்மூட்டம். தலைக்கு மேல் மூடிகள் திறந்து மஞ்சள் ஆக்சிஜன் முகமூடிகள் தொங்கின. யாரோ அலறினார்கள்.

கண்டக்டர் ரத்தம் சும்மா இருக்குமா? பெல்ட்டை அவிழ்த்து எழுந்து நின்று, "யாரும் பயப்படாதீங்க! எல்லாரும் உட்காருங்க!" என்று குரல் கொடுத்தார். பயணிகளில் நிற்பது தான் ஒருவர்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

மருமகள் வண்டியின் பிரேக்கை மிதித்தாள். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவர் மடியிலேயே பொத்தென்று உட்கார்ந்து, அந்த வரிசையில் உபரியாகத் தொங்கிய முகமூடியை முதலில் தன் முகத்தில் மாட்டிக்கொண்டாள்.

தன்னை மட்டும் பார்த்துக்கொண்டாளே என்று கோபப்படத்தான் நினைத்தார். கோபம் வரவில்லை; மூச்சுக்காற்று குறைந்து தலை கிறங்கியதில் சிரிப்புதான் வந்தது. பக்கத்து சீட்டுக்காரரிடம், "டிக்கெட், டிக்கெட்" என்று கை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டு மருமகள் அவர் மூக்கின்மேல் ஒரு முகமூடியை அழுத்தினாள். நாலு மூச்சில் உலகம் திரும்பி வந்தது, மானமும் கூடவே.

விமானம் மலைப்பாதை இறங்கும் பஸ்ஸைப் போல விறுவிறுவென்று தாழ்ந்தது. பிறகு சமநிலைக்கு வந்தது. அடுத்த ஸ்டாப்பைச் சொல்கிற நிதானத்தோடு விமானி பேசினார்: இனி முகமூடியைக் கழற்றலாம், பக்கத்து ஊரில் இறங்குகிறோம். அதற்குள் மருமகள் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வரிசை வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் குனிந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் தான் டிக்கெட்டைப் பார்த்த அளவுக்கு முகத்தைப் பார்த்ததில்லையே என்று கண்டக்டருக்குத் தோன்றியது.

இறங்கிய பிறகு, கடைசிப் பயணியையும் அனுப்பிவிட்டு அவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்டக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"முதல்ல உனக்கு மாட்டிக்கிட்டியே?" என்றார்.

"நான் மயங்கிட்டா உங்களுக்கு யாரு மாமா மாட்டுவா? பின்னாடி இருபது வரிசை இருந்துச்சு." பிறகு தயங்கினாள். "மடியில உட்கார்ந்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. கிடைச்ச இடத்துல உடனே உட்காரணும், அதான் எங்க விதி."

"முழங்கால் போச்சு. மத்தபடி ஒண்ணுமில்ல."

எழுந்து போய், வரிசையில் நின்று, ஒரு டீ வாங்கி வந்தார். காகிதக் கப் கொதித்தது. சட்டைப் பையிலிருந்த தாளை நாலாக மடித்து, கப்பைச் சுற்றிப் பிடித்து நீட்டினார்.

"ஏதோ பேசணும்னீங்களே மாமா?"

"ஆமா. சர்க்கரை போதுமான்னு பாரு."

அவள் ஒரு வாய் குடித்தாள். "இது என்ன தாள்?"

"சூடு தாங்கறதுக்கும்மா" என்றார் கண்டக்டர். "வேற எதுக்கும் உதவாது."