கொசு இல்லாத ஊர்

குவாரியில் பல வருடம் கல் உடைத்தவர்கள் அந்த ஊரில் தரைக்குள் இறங்கினார்கள். முதலில் ஈர மண்ணில் காலடி சற்று ஆழமாகப் பதியும். பிறகு சிமெண்டுத் தரையிலும் பதியும். இருமல் நெஞ்சோடு தங்கிவிட்டால் நின்ற இடத்திலேயே கணுக்கால் வரை போய்விடும். நுரையீரலில் படிந்த கல்தூளின் கனம் அது. ஊரில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. வண்டி ஒரு பக்கம் சாயக் கூடாதென்று, பஸ் கண்டக்டர் மட்டும் அவர்களை நடுவில் உட்காரச் சொல்வார்.

சுகாதார நிலையத்தின் நர்ஸ் ஒரு காலையில் தன் குளியலறைத் தரையில், குவாரிக்குப் போகும் வீட்டுக்காரரின் காலடித் தடத்தில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தாள். ஆழம் கொஞ்சம்தான். இப்போதே தூசியை விட்டு விலகினால் இறங்குவது நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மூச்சை ஊதவைத்துப் பார்க்கும் நுரையீரல் பணியாளர் வந்து சொன்னால்தான் குவாரி அவருக்கு வேறு வேலை தரும். அப்படி ஒருவரை அந்தப் பக்கம் துறை அனுப்பியதே இல்லை.

எந்தப் பகுதிக்கு எந்தப் பணியாளர் என்று தலைமை அலுவலகத்தில் முடிவுசெய்பவன், அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. கூப்பிட்டதும் வந்தான். வயிறாரச் சாப்பிட்டான். குளியலறையில் குந்தி, தடத்துக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கண் கலங்கியது. “மாமாவ இதுக்கு மேல இறங்க விடமாட்டேன்க்கா,” என்றான். வரப்போகும் நுரையீரல் பணியாளருக்காக அவள் நிலையத்தின் பின்னறையைக் காலிசெய்து வெள்ளையடித்து வைத்தாள்.

கோடையில் லாரி வந்தது. புகை இயந்திரங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு கொசு ஒழிப்பு ஆட்கள் இறங்கினார்கள். பாறை மண்டிய, குளமோ குட்டையோ இல்லாத அந்த ஊரில் கொசுவைக் கண்டவர் எவருமில்லை. வந்தவர்களின் மேஸ்திரி, கொசு எந்தத் தெருவில் என்று மரியாதையாக விசாரித்தார். நர்ஸ் தம்பிக்குப் போன் போட்டாள்.

“உங்க பக்கம் போனதெல்லாம் காய்ச்சல் மாத்திரைக்கா. மாத்திரைய வச்சுத்தான் இங்க நோயக் கணக்கு பண்ணுவாங்க. காய்ச்சல்னா கொசு.”

“நீங்க அனுப்புனதே அது ஒண்ணுதானேடா.”

 தம்பி, நுரையீரல் ஆட்கள் தன் மேலதிகாரியின் சொந்த ஊருக்குப் போய்விட்டதை மென்று விழுங்கிச் சொன்னான். அங்கே குவாரி கிடையாது. பெரியவர் கேட்டால் எப்படி மறுப்பது என்றான்.

“மாமா காலடியில கைய வச்சுப் பாத்தியே, அது எந்தக் கணக்குல சேரும்?”

லைன் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டான்.

சும்மா சம்பளம் வாங்கக் கூசிய கொசு ஆட்கள் கடப்பாரை வாங்கினார்கள். தினமும் காலையில் தெருத்தெருவாகப் போய், இறங்கியிருந்தவர்களை நெம்பித் தூக்கி வேலைக்கு அனுப்பினார்கள். நர்ஸின் வீட்டுக்காரர் முழங்கால் வரை இறங்கினார், பிறகு தொடை, பிறகு இடுப்பு. வருடங்கள் போயின. அந்தப் பகுதியில் ஒரு கொசுகூட இல்லை என்பது துறையின் கவனத்துக்கு வந்து, ஊருக்குச் சிறந்த சேவைக்கான கேடயம் அறிவிக்கப்பட்டது. தம்பிக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

விழாவில் குவாரித் தொழிலாளர்கள் முன்வரிசையில் மார்பளவு இறங்கியிருந்ததால் பின்னால் இருந்தவர்களுக்கு மேடை நன்றாகத் தெரிந்தது. கேடயத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தம்பி இறங்கிவந்து மாமாவின் முன் குனிந்தான். அவர் இருமி முடித்து, “உக்காருங்க மாப்ள, குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும்,” என்றார். நர்ஸ் முந்தானையால் அவர் தலையிலிருந்த தூசியைத் தட்டினாள். தம்பியின் பக்கம் திரும்பவில்லை. அவன் கார் போகும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் கொசு ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கடப்பாரையோடு வந்தார்கள். நெம்பியதும் மற்றவர்கள் மேலே வந்துவிட்டார்கள். நர்ஸின் வீட்டுக்காரர் வரவில்லை, கடப்பாரைதான் வளைந்தது. மறுநாள் காலை அவள் டீ கொண்டுபோனாள். மண்ணில் வைத்தால் டம்ளர் சாய்ந்தது. கேடயத்தைப் படுக்கப்போட்டு அதன்மேல் வைத்தாள். அவர் கைக்கு எட்டும் உயரத்தில், வாகாக இருந்தது.