ஒருமுறை சொல்லும் சொல்

அன்று அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஊர்த்தலைவர் வீரன், அவர் மனைவி மாணிக்கம்மாள், மகன் பூபாலன், மகள் செவ்வந்தி, மாணிக்கம்மாளின் தம்பி முனியன். வேறு யாரும் இல்லை.

பூபாலன் சென்னையில் டப்பிங் பேசுகிறவன். தமிழில் வந்த ஒரு ஜப்பான் அனிமே கார்ட்டூன் தொடரில் இளம்பிரபுவுக்கு அவன்தான் குரல். சிக்னல் கிடைக்கும் காவலூருக்குப் போன முனியன் அதைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"அது வேணாம் மாமா. வேற போடு," என்றான் பூபாலன்.

"இன்னாடா வெக்கம்? ஜப்பான் தொரையாப் பூட்ட, உங்கப்பன் பாக்க வேணாமா? குதிர மேல வர்றான் பாருங்க உங்க புள்ள!"

"நம்மூட்டுக் காளையக் கண்டாலே மரமேறுவான், இவன் குதிர ஏறுறானாம்!" மாணிக்கம்மாள் சிரித்தாள்.

படத்தில் கிழப்பிரபு இறந்து கிடந்தார். இளம்பிரபு அவர் காதருகே குனிந்தான். "பாரத்த எறக்குப்பா. இனி நான் தூக்கறேன்."

சிரிப்பு நின்றது. அது அந்தக் குடும்பத்துச் சொல். தகப்பன் உடலை எடுக்குமுன் தலைப்பிள்ளை அவர் காதில் சொல்வது. ஆயுளில் ஒரே தடவை. வீரன் தன் தகப்பனுக்குச் சொன்னபோது சின்னப் பையனாகப் பக்கத்தில் நின்று கேட்டவன் பூபாலன்.

"எழுதிக் குடுத்தாங்களா?" என்றார் வீரன்.

ஆமாம் என்றிருந்தால் தப்பித்திருப்பான். பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"இல்லப்பா. அவுங்க குடுத்த வசனத்துல உசுரு இல்லன்னு டைரக்டரு திரும்பத் திரும்பக் கேட்டாரு. இதச் சொன்னேன். ஒடனே ஓகேன்னாங்க."

"யார நெனச்சிச் சொன்ன?"

பூபாலன் தரையைப் பார்த்தான். மைக் முன்னால் கண்ணை மூடியபோது அவனுக்குத் தெரிந்தது, மூக்கில் பஞ்சு வைத்த இந்த முகம்தான்.

"ஒன்னத்தாம்பா."

செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். முனியன் கைப்பேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"நான் போறப்ப எனக்குன்னு மிச்சம் வெச்சிருக்கியா?" வீரனின் குரல் உயரவில்லை.

பூபாலன் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். மூச்சு விடும் இடம் முதற்கொண்டு இளம்பிரபுவின் குரலே கேட்டது. இன்னொரு முறை முயன்றான். அதே குரல்.

"இல்லப்பா. தங்கச்சி சொல்லட்டும்."

"பொம்பளப் புள்ளயா?" என்று பதறினார் முனியன்.

"அவ அந்தச் சொல்ல இன்னும் எவன்கிட்டயும் விக்கலியே," என்றார் வீரன்.

வீரன் காதில் சொல்லும் உரிமையை மகனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வீட்டைவிட்டுத் துரத்தினார் என்று போளூர் வரை பேச்சு. அது பொய். உரிமையைக் கொடுத்தவன் பூபாலன். அன்று அவன் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான்.